ஆதார் இல்லை, டிசி இல்லை, தமிழும் தெரியாது... தாம்பரத்தில் வந்து இறங்கும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியுமா?

அசாமின் சில்காட் டவுனில் இருந்து கிளம்பும் நாகோன் எக்ஸ்பிரஸ், ஜார்க்கண்டின் ஜசிடியில் இருந்து வரும் வாராந்திர ரயில், மேற்கு வங்கத்தின் சாந்த்ராகாச்சியில் இருந்து வரும் அந்த்யோதயா... இந்த மூன்றுக்கும் கடைசி நிறுத்தம் தாம்பரம்தான்.

ரயில் நின்றதும் இறங்குபவர்களில் தனியாக வரும் இளைஞர்கள்தான் அதிகம். ஆனால் தலையில் மூட்டை, ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, இன்னொரு கையில் குழந்தை என்று குடும்பமாக வருபவர்களும் இருக்கிறார்கள். ஒரகடத்திலோ, பழைய மகாபலிபுரம் சாலையிலோ, பல்லாவரம் பக்கத்திலோ கட்டட வேலை கிடைத்துவிடும். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்த நாளே வேலைக்குப் போய்விடுவார்கள்.

கூட வந்த 10 வயசுப் பிள்ளை எங்கே போகும்?

பல நேரங்களில் இதற்கு பதில் 'எங்கேயும் போகாது' என்பதுதான். தகரக் கொட்டகையில் தம்பி, தங்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். இரண்டு வருஷம் இப்படியே போனால் அந்தப் பிள்ளை பிறகு பள்ளிக்கு வராது, வேலைக்குத்தான் போகும். இதைத் தடுக்க சட்டத்தில் வழி இருக்கிறது. செய்து பார்த்து பலன் கிடைத்த முறைகளும் இருக்கின்றன. அவை என்னென்ன?

யார் இந்தப் பிள்ளைகள்?

சென்னையின் தெற்குப் புறநகர் இன்று பல ஊர்க்காரர்களின் இடம். தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், மறைமலை நகர், ஒரகடம் தொழிற்சாலைகள், ஓ.எம்.ஆர். கட்டுமானங்கள் எல்லாம் வெளிமாநில உழைப்பை நம்பியே ஓடுகின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், ஆந்திரா என்று பல பக்கங்களில் இருந்தும் குடும்பங்கள் வருகின்றன.

இவர்கள் தவிர, நாடு விட்டு நாடு வந்தவர்களும் உண்டு. போர் காரணமாக வந்து, முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவுடன் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் சென்னையில் இருக்கின்றன. கேளம்பாக்கத்தில் பழைய புயல் பாதுகாப்பு மையக் கட்டடத்தில் மியான்மரில் இருந்து தப்பி வந்த ரோஹிங்கியா குடும்பங்கள் பல ஆண்டுகளாக வசித்து வருவதும், அவர்களின் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்துத் தமிழ் பேசுவதும் ஏற்கெனவே செய்திகளில் வந்தவை.

ஒடிசா பிள்ளை இந்தியக் குடிமகன். ரோஹிங்கியா பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. சட்டத்தின் பார்வையில் இது பெரிய வித்தியாசம். ஆனால் வகுப்பறை வாசலில் நிற்கும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் பயம் ஒன்றுதான்: 'இங்கே பேசுறது எனக்குப் புரியலையே!'

ஆதார், டிசி இல்லாமல் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சேர்க்கவும் வேண்டும். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது.

* பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக் கூடாது.
* பிரிவு 5: பழைய பள்ளியின் டிசி வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது.
* பிரிவு 15: கல்வியாண்டு பாதியில் வந்தாலும் சேர்க்க வேண்டும்.

ஆதார்? 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் நலத்திட்டத்தை மறுக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

அகதிப் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி வரும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆனால் குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. அரசியலமைப்பின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள 'எல்லாக் குழந்தைகளும்' என்றுதான் சொல்கிறது. 'குடிமக்களின் குழந்தைகள்' என்று சொல்லவில்லை. டெல்லி ரோஹிங்கியா பிள்ளைகள் தொடர்பான வழக்கில் 2025 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் முதலில் அரசுப் பள்ளியை அணுகட்டும், இடம் மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வழிகாட்டியது.

நடைமுறையில் சிக்கல் வருவது சட்டப் புத்தகத்தால் அல்ல. 'கம்ப்யூட்டர்ல என்ட்ரி போட ஆதார் கேக்குது, அப்புறம் வாங்க' என்ற ஒரு வார்த்தை போதும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அப்பா இரண்டாம் முறை வர மாட்டார். அதனால் நன்றாக நடக்கும் பள்ளிகளில் ஒரு பழக்கம் இருக்கும். முதல் நாளே பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். காகிதங்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

11 வயசுப் பையன் எந்த வகுப்பில் உட்கார வேண்டும்?

'தமிழ் தெரியாதுல்ல, ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வைங்க' என்று சிலர் சொல்வது வழக்கம். நல்ல எண்ணத்தில் சொன்னாலும், பிள்ளையைப் பள்ளியில் இருந்து விரட்டும் யோசனை அது. தன்னைவிட ஐந்து வயது சின்னப் பிள்ளைகளோடு உட்காரும் 11 வயசுப் பையன் கூச்சத்திலேயே நின்றுவிடுவான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ம் பிரிவு சொல்வது வேறு. வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள்படி இந்தப் பயிற்சி குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 2 ஆண்டுகள் வரை நீளலாம். தாமதமாகச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை கல்வி இலவசம். பல பெற்றோருக்கும், ஏன் சில பள்ளிகளுக்குமே இந்தக் கடைசி விஷயம் தெரிவதில்லை.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கப்படுகிறார்கள். ஒரே வகுப்பில் இருந்துகொண்டே அவரவர் நிலையில் இருந்து கற்கலாம். புதிதாக வந்த பிள்ளைக்குக் கைகொடுக்கக்கூடிய அமைப்பு இது. வயதுத் தோழர்களோடு உட்காரலாம், எழுத்தை மட்டும் அரும்பில் இருந்து ஆரம்பிக்கலாம்.

மூன்று மாதமாக வாயே திறக்கலையே... பிரச்னையா?

புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் முதல் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட, பேசாமல் இருப்பார்கள். அது மந்தம் அல்ல. காது வேலை செய்துகொண்டிருக்கும் காலம் அது. அந்த நேரத்தில் எழுப்பி நிறுத்தி 'சொல்லு, சொல்லு' என்று கேட்டால் பிள்ளை இன்னும் சுருங்கும். கையால் காட்ட, படம் வரைய, கணக்குப் போட வாய்ப்புக் கொடுத்தால் போதும். கணக்குக்குத் தமிழ் அதிகம் வேண்டாம். பல பிள்ளைகள் முதலில் தலை நிமிர்வது கணக்கு நோட்டில்தான்.

அடுத்து ஒரு பொறி இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை மைதானத்தில் 'டேய், பால் போடுடா!' என்று கத்தும். 'தமிழ் வந்துடுச்சு' என்று ஆசிரியர் நினைப்பார். ஆனால் அறிவியல் பாடத்தில் 'ஆவியாதல்' என்றால் விழிக்கும். உடனே 'படிப்புல கவனமில்ல' என்ற முத்திரை விழும்.

கனடா கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே விளக்கினார். பேச்சு மொழி சுமார் 2 ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தக மொழியில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகலாம். ஆக, பேச ஆரம்பித்ததும் உதவியை நிறுத்துவதுதான் பெரிய தவறு. தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டு சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் என்பதால், இந்தத் தவறின் விலை இங்கே இன்னும் அதிகம்.

புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகவே பள்ளிக் கல்வித்துறை 'தமிழ் மொழி கற்போம்' என்ற திட்டத்தை நடத்துகிறது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கு திறன்களையும் படிப்படியாகக் கொடுப்பது இதன் நோக்கம்.

பக்கத்து மாநிலத்தில் இருந்தும் ஒரு பாடம் உண்டு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-ல் 'ரோஷ்னி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இந்தி, வங்காளம் போன்ற மொழிகள் தெரிந்த தன்னார்வலர்கள் பள்ளிக்கு வருவார்கள். பிள்ளையின் மொழியில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல மலையாளத்துக்கு மாற்றுவார்கள். தெரிந்த சொல்லில் இருந்து தெரியாத சொல்லுக்குப் போகும் பாலம் அது.

வீட்டு மொழியை மறக்கச் சொல்லலாமா?

'வீட்லயும் தமிழ்லயே பேசுங்க' என்று சில பள்ளிகள் பெற்றோரிடம் சொல்வதுண்டு. தமிழ் சரியாகத் தெரியாத அம்மா, அரைகுறைத் தமிழில் பேசினால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் வராது. ஒடியாவில் கதை கேட்டு வளரும் பிள்ளை தமிழில் கதை எழுதவும் சீக்கிரம் பழகும். சொந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் அடுத்த மொழியைப் பிடிப்பது எளிது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. செங்கல் சூளைக் குடும்பங்கள் சில மாதங்கள் இங்கே, மழைக்காலத்தில் ஊரில் என்று இருப்பவை. தமிழ் மட்டுமே படித்த பிள்ளை, ஒடிசா திரும்பினால் அங்கேயும் அந்நியன். அதனால்தான் திருவள்ளூர் மாவட்டச் சூளைப் பகுதிகளில் ஒடியா பாடப்புத்தகங்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்தே கற்றுக்கொடுக்கும் முயற்சிகள் நடந்தன.

தமிழர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. நார்வே, சுவிட்சர்லாந்து, கனடா என்று போன ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வார நாட்களில் பிள்ளைகளை அந்த நாட்டு மொழிப் பள்ளிக்கு அனுப்பின. வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பின. கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பள்ளிகளில், புதிதாக வந்த குடும்பங்களுக்கு வழிகாட்டவே தனிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே எது உதவியதோ, அதைத்தான் ஒடிசா பிள்ளை இங்கே கேட்கிறது.

காலைச் சாப்பாடு, கூடவே தம்பி பாப்பா

பிள்ளை பள்ளிக்கு வராததற்கு மொழி மட்டுமே காரணம் இல்லை. காலை 7 மணிக்குள் பெற்றோர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பிள்ளைக்கு யார் சமைப்பது? 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம் இந்த இடத்தில் பெரிய உதவி. உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் முதலில் புதுசாக இருக்கும். ஆனால் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

இன்னொரு தடை வீட்டில் இருக்கும் கைக்குழந்தை. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் பள்ளியை விடுவது பெரும்பாலும் இதனால்தான். 2025 வரை அமலில் இருந்த 1996-ம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை ஒதுக்க வேண்டும் என்றது. சிறிய கட்டுமானங்களுக்கு அது பொருந்தவில்லை. அங்கே பக்கத்து அங்கன்வாடிதான் வழி. தம்பி அங்கன்வாடியில் சேர்ந்தால்தான் அக்கா பள்ளிக்குப் போவாள். அதனால் ஒரு பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று முதலில் கேட்பது நல்லது.

இலங்கைத் தமிழர் முகாம்கள் சொல்லும் பாடம் என்ன?

வந்தவர்களை வாழவைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. 1983 முதல் 2012 வரை 3,04,269 இலங்கைத் தமிழர்கள் இங்கே வந்ததாக 2021-ல் தமிழக அரசு சட்டமன்றத்தில் தெரிவித்தது. அப்போது 58,822 பேர் 108 முகாம்களிலும், 34,087 பேர் முகாம்களுக்கு வெளியேயும் இருந்தனர்.

இந்த மக்கள் கல்வியைப் பிடித்துக்கொண்டார்கள். மொழித் தடை இல்லாததால் பிள்ளைகள் உள்ளூர் அரசுப் பள்ளிகளிலேயே சேர்ந்தனர். 1984-ல் எஸ்.சி.சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை நேர வகுப்புகளை நடத்தியது. முகாமில் படித்து முன்னேறிய அக்காக்களும் அண்ணன்களுமே அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர்கள். வெளியில் இருந்து வரும் உதவியைவிட, 'நம்மள மாதிரியே இருந்தவங்க படிச்சிருக்காங்க' என்ற நம்பிக்கை பிள்ளைகளை அதிக தூரம் கொண்டுபோனது.

2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்களை முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். புதிய வீடுகளோடு கல்வி உதவித்தொகை உயர்வும் அதில் இருந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பள்ளி விண்ணப்பத்தில் முகவரி எழுதும் பிள்ளைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியாவிலேயே பிறந்து, பட்டமும் வாங்கிய இளைஞர்கள் பலர் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்களுக்குத்தான் பிறப்பால் மட்டுமே குடியுரிமை. அதன்பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனை நடவடிக்கையில் இருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு கொடுத்தது. அது நிம்மதி, ஆனால் குடியுரிமை அல்ல.

முகாம்களின் பாடம் இதுதான்: பள்ளி ஒரு பிள்ளையை ஊரோடு சேர்த்துவிடும். ஆனால் படிப்பு முடிந்த பிறகு கதவு பூட்டியிருந்தால், அடுத்து வரும் தம்பி 'படிச்சு என்ன ஆகப்போகுது?' என்று கேட்பான்.

15 முதல் 17 வயது: யாருமே கவனிக்காத வயசு

கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. ஆக, அண்ணனோடு ரயில் ஏறி வரும் 16 வயசுப் பையன் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 'வயசு என்ன?' என்றால் '18' என்று சொல்லப் பழகியிருப்பான்.

இவர்களை நேராகப் பத்தாம் வகுப்பில் உட்கார வைப்பது கஷ்டம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் இந்தி, ஒடியா உள்ளிட்ட மொழிகளில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். வேலை நேரத்துக்குப் பிறகு பேச்சுத் தமிழ் வகுப்பு, முறையான தொழிற்பயிற்சி, கூலி ஏமாற்றப்பட்டால் யாரிடம் போவது என்ற தகவல்... இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இந்த வயதினருக்குப் பிடிப்பு கிடைக்கும்.

கேலியும் வதந்தியும்

2023 மார்ச்சில் 'தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள்' என்று போலி வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். அவை பொய் என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசே குழுவை அனுப்பி நிலைமையை நேரில் பார்த்தது. ஆனால் அதற்குள் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. குடும்பம் ஓடினால் பிள்ளையின் பள்ளியும் அன்றோடு நின்றுபோகும்.

வகுப்பறைக்குள் இது வேறு வடிவில் வரும். 'வடக்கன்', 'இந்திக்காரன்' என்ற கூப்பிடல்கள். கேட்டும் கேட்காததுபோல ஆசிரியர் விட்டால், அது அனுமதி கொடுத்தது மாதிரி. முதல் நாளே பிள்ளையின் பெயரைச் சரியாகக் கேட்டு, வகுப்பு முழுவதையும் அதே பெயரில் கூப்பிட வைப்பது சின்ன விஷயம். ஒரு பைசா செலவில்லை. ஆனால் பட்டப்பெயர் ஒட்டாமல் இருக்க அதுவே நல்ல வழி. பக்கத்தில் ஒரு தோழனையோ தோழியையோ உட்கார வைத்தால், கழிவறை எங்கே, மணி அடித்தால் எங்கே போவது என்பதெல்லாம் மொழி இல்லாமலே புரிந்துவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில் கட்டடம் கட்டும் இடத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளையைப் பார்க்கிறீர்களா?

* பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். வட்டார வள மையம், பள்ளி மேலாண்மைக் குழு மூலமும் தகவல் தரலாம்.
* பெற்றோரோடு ஒருமுறை நீங்களும் பள்ளிக்குப் போங்கள். அவர்களுக்கு மொழி தெரியாது, அலுவலகம் என்றாலே தயக்கம். பக்கத்தில் ஒருவர் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.
* 'ஆதார் இல்லாம முடியாது' என்றால் கல்வித்துறையின் 14417 எண்ணில் கேளுங்கள்.
* பிள்ளை வேலை செய்வதையோ கொடுமைப்படுத்தப்படுவதையோ பார்த்தால் 1098-க்கு அழையுங்கள்.
* குடும்பம் வேறு ஊருக்குக் கிளம்பினால் டிசி வாங்கச் சொல்லுங்கள். வாங்க நேரமில்லை என்றால் பள்ளியின் பெயரையும் வகுப்பையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அது உதவும்.
* இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்தவரா? வாரத்தில் ஒரு மணி நேரம் பள்ளியில் உதவ முடியுமா என்று தலைமை ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ரயிலும் தாம்பரத்தில்தான் வந்து நிற்கும். அதில் இறங்கும் பிள்ளைக்குப் புதிதாக ஒரு சட்டம் போடத் தேவையில்லை. இருக்கும் சட்டம் தெரிந்த ஒரு தலைமை ஆசிரியர், பொறுமையான ஒரு டீச்சர், பக்கத்தில் இடம் கொடுக்கும் ஒரு பிள்ளை. ஆரம்பத்துக்கு இந்த மூன்று பேர் போதும்.